மணி பார்க்கத் தெரியாதவர்களின் முதல் வாரம்

ஜூன் மாதத்துக் காலை எட்டரை மணிக்கு அம்பத்தூர் ஓ.டி. பக்கத்துச் சந்துகளிலும், ஆவடி செக்போஸ்ட் அருகிலும், பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டிலும் நடப்பது ஒன்றேதான். ஸ்கூட்டியின் முன்னால் நின்றபடி, முதுகைவிடப் பெரிய பையோடு எல்கேஜி பிள்ளை வருகிறது. பள்ளியின் கேட் கண்ணில் படும்வரை ஒரு வம்பும் இல்லை. பட்டதும் அம்மாவின் துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொள்கிறது. ஆயாம்மா வந்து பிரித்துத் தூக்கிக்கொள்கிறார். "நீங்க கெளம்புங்க மேடம், நீங்க நின்னாத்தான் அழுவான். அஞ்சு நிமிஷத்துல சரியாயிடும்."

ஆயாம்மா சொல்வது பெரும்பாலும் பலித்துவிடும், அழுகை நின்றுவிடும். ஆனால் அழுகை நிற்பதும் பிள்ளை சரியாவதும் ஒன்றுதானா? இந்தக் கேள்வி பரவலாக எழத் தொடங்கியது 1950-களில்தான்.

அன்றைய பிரிட்டிஷ் மருத்துவமனைகளில் நோயாளிக் குழந்தையைப் பெற்றோர் நினைத்தபோது பார்க்க முடியாது. பார்த்துவிட்டுப் போனால் பிள்ளை அழும், அழுதால் வார்டே கெடும் என்பது நிர்வாகத்தின் வாதம். ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் ஒரு சின்ன சினிமா கேமராவை எடுத்துக்கொண்டுபோய், சிறு அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் தங்கிய லாரா என்ற இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்தார். 1952-ல் படம் வெளியானது. லாரா ஊரைக் கூட்டி அழவில்லை. பொம்மையை இறுக்கிக்கொண்டு, வந்த அழுகையை விழுங்கிக்கொண்டு இருந்தாள். வார்டில் 'சமத்து' என்று பெயர் வாங்கக்கூடிய குழந்தை. அம்மா பார்க்க வந்தபோதோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் படமும் அதன் மீது எழுந்த சண்டைகளும் சேர்ந்துதான் 1959-ல் பிளாட் குழு அறிக்கையில் போய் முடிந்தன. பெற்றோருக்கு வார்டின் கதவைத் திறந்துவிடச் சொன்னது அந்த அறிக்கை.

ராபர்ட்சனோடு லண்டனில் வேலை பார்த்தவர் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி. அவர்களோடு சில ஆண்டுகள் இருந்துவிட்டு, கணவரின் வேலை நிமித்தம் உகாண்டாவுக்குப் போய், கம்பாலாவைச் சுற்றிய கிராமங்களில் தாயும் சேயுமாக உட்கார்ந்து குறிப்பெடுத்தவர் மேரி எய்ன்ஸ்வொர்த். பின்னாளில், 1960-களில், அமெரிக்காவின் பால்டிமோரில் அவர் வடிவமைத்த சோதனை இன்றைக்கும் உளவியல் பாடப்புத்தகங்களில் உண்டு. ஒரு வயதுக் குழந்தையை அம்மாவோடு ஓர் அறையில் விட்டு, அம்மாவை மூன்று நிமிடம்போல வெளியே அனுப்பி, திரும்ப உள்ளே வரச் சொல்வது. எல்லோரும் அம்மா போகும்போது பிள்ளை எவ்வளவு அழுகிறது என்று பார்ப்பார்கள். எய்ன்ஸ்வொர்த் பார்த்தது அம்மா திரும்பி வரும்போது. ஓடிவந்து இடுப்பில் ஏறி, கொஞ்சம் தேம்பி, இறங்கி மறுபடி விளையாடப் போகிற பிள்ளைக்கு அம்மா மேல் உறுதியான பற்று இருக்கிறது. போகும்போது அழுததா இல்லையா என்பதை வைத்து மட்டும் எதையும் சொல்லிவிட முடியாது.

நம் வீடுகளிலோ விசாரணை எல்லாம் காலை நேரத்தைப் பற்றித்தான். "அழுதானா?" என்று பெரியம்மா போனில் கேட்பார். "இல்ல பெரிம்மா, டாட்டா காட்டிட்டுப் போயிட்டான்" என்றால் பெருமை. அழுதான் என்றால், "ரொம்பச் செல்லம் கொடுத்து வச்சிருக்க" என்று தாய்க்குத் தண்டனை. இந்தத் தீர்ப்பு எவ்வளவு தவறானது என்பதற்கு பெர்லினிலிருந்து நல்ல சாட்சி இருக்கிறது.

லீசலோட்டே ஆனர்ட், மேகன் கன்னர் உள்ளிட்ட நால்வர் 2004-ல் வெளியிட்ட ஆய்வு அது. 15 மாத வயதுள்ள 70 குழந்தைகள். எல்லோரும் அப்போதுதான் காப்பகத்தில் சேர்கிறார்கள். சேருவதற்கு முன்பே, எந்தக் குழந்தைக்குத் தாயிடம் உறுதியான பற்று, எதற்கு அவ்வளவு இல்லை என்று பார்த்து வைத்துக்கொண்டார்கள். பிறகு எச்சிலில் கார்டிசால் அளந்தார்கள். கார்டிசால் அட்ரினல் சுரப்பி விடும் ஹார்மோன். உடம்பு ஒரு சவாலுக்குத் தயாராகும்போது ஏறும். ஊசி வேண்டாம், வாயில் ஊறும் எச்சில் போதும் என்பதால் குழந்தைகளை ஆராய்கிறவர்களுக்கு இது பெரிய வசதி.

முதல் கட்டத்தில் அம்மாக்கள் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். உறுதியான பற்று உள்ள பிள்ளைகளின் கார்டிசால் அப்போது குறைவாக இருந்தது. அம்மா பக்கத்தில் இருந்தால் அந்நிய இடமும் அவ்வளவு அந்நியமாக இல்லை. அடுத்து, அம்மாக்கள் கிளம்பிப் போனார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் கார்டிசால் வீட்டில் இருப்பதைவிட 75 முதல் 100 சதவீதம் வரை கூடியது. அதிகமாகச் சிணுங்கி அழுதவை யார் தெரியுமா? உறுதியான பற்று உள்ள பிள்ளைகள். அவர்களின் அழுகையின் அளவும் கார்டிசாலின் அளவும் சேர்ந்தே ஏறின. உள்ளே இருந்தது வெளியே தெரிந்தது. செல்லம் கொடுத்ததால் அழுகிறான் என்ற பெரியம்மாவின் தீர்ப்பில் பாதியை வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்: கூப்பிட்டால் ஆள் வரும் என்று பழகிய பிள்ளைதான் சத்தமாகக் கூப்பிடும்.

அதே ஆய்வில் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது கடைசி முடிவு. பிள்ளையோடு கூட இருந்து பழக்குவதற்கு அம்மாக்கள் அதிக நாள் செலவிட்ட இடங்களில், தாயிடம் இருந்த பற்று உறுதியாகவே நீடித்தது, அல்லது புதிதாக உறுதிப்பட்டது. பெர்லினில் இதற்கென்று ஒரு முறையே இருக்கிறது. முதல் மூன்று நாள் அம்மாவோ அப்பாவோ வகுப்பறை மூலையில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பிரிவது நான்காம் நாள்தான், அதுவும் அரை மணிக்குள். நம் ஊரில் பல பள்ளிகளில் பெற்றோர் கேட்டைத் தாண்டவே முடியாது. பள்ளிகளை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. ஒரே வாரத்தில் ஒரே அறைக்குள் வந்து சேரும் அத்தனை பிள்ளைகளின் வீட்டாரும் மூலையில் உட்கார்ந்தால் வகுப்பு கல்யாண மண்டபம் ஆகிவிடும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்லும் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. அதிகம் ஆள் தேவைப்படும் எல்கேஜிக்கு அந்தக் கணக்கு கிடையாது.

அம்மாவைப் பிரிவதுதான் கஷ்டம் என்றால், மூன்று வயதுப் பிள்ளைக்கு அது புதிதல்லவே. பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கிறோம், மாடி வீட்டு அக்கா மதியம் முழுக்க வைத்துக்கொண்டிருக்கிறார். குழந்தை கை மாறி வளர்வது மனித இனத்தின் பழைய பழக்கம். சாரா ஹ்ர்டி என்ற மானுடவியலாளர் அதைப் பற்றியே ஒரு பெரிய நூல் எழுதியிருக்கிறார். ஆனால் பாட்டி வீட்டிலும் தெருவிலும் பிள்ளையைச் சுற்றி இருப்பவர்கள் பெரும்பாலும் அதைவிடப் பெரியவர்கள். விட்டுக்கொடுப்பார்கள், மூக்கைத் துடைத்துவிடுவார்கள். தன் வயதிலேயே முப்பது பேர், ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கத் தெரியாது, எல்லோருக்கும் அந்தச் சிவப்பு பிளாக்தான் வேண்டும் என்ற நிலைமை மனித வரலாற்றுக்கே புதுசு.

உடம்பும் இதைச் சொல்கிறது. கார்டிசால் இயல்பாக, விழித்தெழுந்த சற்று நேரத்தில் உச்சத்தில் இருந்து, பொழுது சாயச் சாய இறங்கும். வீட்டில் இருக்கும் நாட்களில் பெரும்பாலான சிறு குழந்தைகளுக்கும் அப்படித்தான். முழுநாள் காப்பகத்தில் இருக்கும் நாளிலோ பலருக்குக் காலையைவிட மதியம் அதிகம். மேகன் கன்னரும் அவரது குழுவினரும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதையொட்டிய பிள்ளைகளில் 71 சதவீதம் பேருக்கு இப்படித் தலைகீழாக ஏறியது. மூன்று, நான்கு வயதிலும் இது தெரிகிறது. ஏழு, எட்டு வயதில் பெரும்பாலும் காணாமல் போகிறது. அம்மாவைத் தேடுவதுதான் காரணம் என்றால் காலையில் ஏறி மதியத்துக்குள் இறங்க வேண்டும். மதியத்தில் ஏறுகிறது என்றால், காரணம் பக்கத்து பெஞ்சில் இருக்கிறது. சக வயதினரைச் சமாளிப்பது அந்த வயதுக்குக் கடும் உழைப்பு. பதற வேண்டியதில்லை, இந்த ஏற்றம் நோய் அல்ல. ஆனால் பள்ளியில் தங்கமாக இருந்துவிட்டு, வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போது ஒன்றுமில்லாததற்குப் புரண்டு அழும் பிள்ளையைப் பார்த்து, "மிஸ்கிட்ட மட்டும் நல்ல புள்ளையா இருக்க, என்கிட்டதான் ஆடுற" என்று கோபப்படுமுன் யோசிக்கலாம். அது நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறது.

இப்போது கேட்டுக்கே திரும்புவோம். "அம்மா பன்னெண்டரைக்கு வந்துடுவேன் கண்ணு" என்கிறோம். இந்த வாக்கியத்தில் பிள்ளைக்குப் புரிவது 'அம்மா' மட்டும்தான். கேதரின் டில்மன், டேவிட் பார்னர் ஆகியோர் குழந்தைகளின் காலச் சொற்களை ஆராய்ந்திருக்கிறார்கள். நிமிடத்தைவிட மணி நேரம் பெரியது என்ற வரிசை பிள்ளைகளுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிடுகிறது. எவ்வளவு பெரியது என்பது பள்ளியில் கடிகாரம் கற்ற பிறகுதான். நேற்று என்றால் போனது, நாளை என்றால் வரப்போவது என்பது நான்கு வயதை ஒட்டிப் புரிகிறது. எவ்வளவு தூரம் போனது, எப்போது வரும் என்பது ஏழு வயதுக்குப் பக்கத்தில்தான். போன தீபாவளியையும் 'நேத்து' என்று சொல்லும் பிள்ளையிடம் பன்னிரண்டரை என்பது வெறும் ஓசை. அம்மா எப்போதோ வருவாள், அல்லது வரமாட்டாள்.

மணி தெரியாத பிள்ளை பொழுதை எதைக்கொண்டு அளக்கும்? இங்கேதான் இந்த வாரத்தின் உண்மையான அதிசயம் இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் ராபின் ஃபைவுஷ் 1984-ல் ஓர் எளிய ஆய்வை வெளியிட்டார். பள்ளியில் சேர்ந்த ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் இரண்டாம் நாளே போய், பள்ளியில் என்ன நடக்கும் என்று கேட்டார். பிறகு இரண்டாம் வாரம், நான்காம் வாரம், பத்தாம் வாரம் மறுபடி மறுபடி கேட்டார். ஒரே ஒரு நாள் போய்வந்த பிள்ளைகள், நேற்று என்ன செய்தோம் என்று கதை சொல்லவில்லை. பள்ளி என்றால் இதுதான் நடக்கும் என்று பொது விதி சொன்னார்கள், வரிசை மாறாமல். நம் பிள்ளைகளும் அப்படித்தான். முதல் நாள் சாயங்காலமே, "ப்ரேயர் பண்ணுவோம், அப்புறம் ரைம்ஸ், அப்புறம் ஸ்நாக்ஸ் சாப்பிடுவோம்" என்று, ஆண்டுக்கணக்கில் போய்வந்த தோரணையில் சொல்லும். ஒருமுறை நடந்ததை 'பண்ணுவோம்' ஆக்கிவிடும் அந்த அவசரத்தில் மூளையின் தேவை தெரிகிறது. அதற்கு நினைவு என்பது சேமிப்பதற்காக அல்ல, அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொள்வதற்காக. முதல் வாரத்தில் பிள்ளை ஏ, பி, சி கற்பதில்லை. நிகழ்ச்சிகளை முள்ளாக வைத்து ஒரு கடிகாரம் செய்துகொண்டிருக்கிறது.

அந்தக் கடிகாரத்தின் கடைசி முள், அம்மா வருவாள் என்பது. அது உறுதிப்படும் நாளில் கேட்டில் அழுகை குறைந்துவிடும். சில பிள்ளைகளுக்கு மூன்று நாள், சிலருக்கு ஒரு மாதம்.

இப்படிப் பார்த்தால், வழக்கமாகக் கிடைக்கும் சில அறிவுரைகளின் தரம் தெரிந்துவிடும். "அவ பாக்காதப்போ நைசா நழுவிடுங்க" என்பது இருப்பதிலேயே மோசமானது. இன்றைய அழுகை மிச்சம். ஆனால் அம்மா எந்த நொடியிலும், முன்னறிவிப்பே இல்லாமல் மறைவாள் என்பதும் வரிசையில் சேர்ந்துவிடுகிறது. மறுநாள் பிள்ளை வீட்டுக் கழிவறைக் கதவு வரை பின்னாலேயே வருவதில் வியப்பில்லை. சொல்லிவிட்டு, கையசைத்துவிட்டு, அழ அழ விட்டுவிட்டுப் போவதுதான் நேர்மை. போனவர் ஜன்னல் வழியே மறுபடி எட்டிப் பார்த்தால் வரிசை குழம்பும். "பன்னெண்டரைக்கு" என்பதைவிட, "சாம்பார் சாதம் சாப்பிட்டு, கை கழுவி, பையை மாட்டுவீங்கல்ல, அப்போ வருவேன்" என்பது பிள்ளையின் கடிகாரத்தில் சரியான நேரம்.

இந்த விஷயத்தில் அங்கன்வாடிகளைக் கொஞ்சம் பாராட்டத் தோன்றுகிறது. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் மையங்கள் இவை. நாம் இன்னும் பால்வாடி என்றே சொல்கிறோம். 1982-ல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் 2 வயதுப் பிள்ளைகளையும் பந்தியில் உட்கார வைத்தது. தெருக்கோடியில் இருக்கும் மையம், முன்பே முகம் தெரிந்த ஆயா, அம்மா வாசலில் பத்து நிமிடம் நின்று பேசிவிட்டுப் போகலாம், இரண்டு வயதும் நான்கு வயதும் கலந்து உட்கார்ந்திருக்கும். பெர்லின்காரர்கள் திட்டம் போட்டுச் செய்வதில் பாதி இங்கே தானாகவே நடக்கிறது. நடுவில் சூடான சோறும் முட்டையும் வருவது வயிற்றுக்கு மட்டுமல்ல, அந்த நாளின் பெரிய முள்ளும் அதுதான். சாப்பாடு வந்தால் பாதிப் பொழுது போய்விட்டது என்று கடிகாரம் பார்க்கத் தெரியாதவருக்கும் தெரியும். 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் அரசே எல்கேஜி, யுகேஜி தொடங்கியது. அந்த வகுப்புகளில் சேரும் பிள்ளைகளில் பலருக்கு முதல் வாரம் என்ற ஒன்றே பெரிதாக இருந்திருக்காது என்பது என் ஊகம்.

கேட்டில் நிற்கும் பெரியவரின் உடம்பும் இந்தக் கணக்கில் சேர்த்தி. 1985-ல் ஜோசஃப் கேம்போஸ் குழுவினர் ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி மேடை ஒன்றின் மேல் தவழவிட்டார்கள். கண்ணாடிக்குக் கீழே பள்ளம் போலத் தெரியும். விழ முடியாது, ஆனால் சந்தேகம் வரும். எதிர்முனையில் அம்மா. அம்மா சிரித்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 கடந்து வந்தன. அம்மா பயந்த முகம் காட்டியபோது 17-ல் ஒன்றுகூட வரவில்லை. பேச்சு ஒன்றுமே இல்லை, முகம் மட்டும்தான். 2014-ல் சாரா வாட்டர்ஸ் குழு செய்த சோதனை இன்னும் ஒரு படி மேலே: அம்மாவை மட்டும் தனியறையில் பதற்றப்படுத்தி, பிறகு குழந்தையை மடியில் கொடுத்தபோது, சில நிமிடங்களில் குழந்தையின் இதயத் துடிப்பிலும் அந்தப் பதற்றம் ஏறியது. "ஸ்கூல் ஜாலியா இருக்கும்" என்று வாய் சொல்லும்போது கை வியர்த்தால், பிள்ளை கையைத்தான் நம்பும். சில வீடுகளில் தாத்தா கொண்டுவிட்டால் அழாத பிள்ளை அம்மா கொண்டுவிட்டால் அழுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். தாத்தா ஏற்கெனவே இரண்டு தலைமுறையை அந்த கேட்டில் விட்டவர்.

மதியத் தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேனிலேயே தூங்கி விழும் பிள்ளையை, "இப்போ தூங்கினா ராத்திரி தூங்கமாட்டான்" என்று தண்ணீர் தெளித்து எழுப்பி, ஹோம்வொர்க் நோட்டை விரிப்பவர்கள் இருக்கிறார்கள். எல்கேஜிக்கு ஹோம்வொர்க் என்ற கொடுமையை இன்னொரு நாள் பேசலாம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா ஸ்பென்சர் குழு 2013-ல் 40 மழலையர் பள்ளிக் குழந்தைகளைப் படங்களின் இடத்தை நினைவில் வைக்கும் விளையாட்டு ஆடவைத்தது. மதியம் தூங்கிய நாளில், தூங்காத நாளைவிடப் பத்து சதவீதம்போல அதிகம் நினைவிருந்தது. அன்றிரவு தூங்கிய பிறகும் மதியம் இழந்தது திரும்பவில்லை. தினமும் மதியம் தூங்கும் வழக்கமுள்ள பிள்ளைகளிடம்தான் இந்த வேறுபாடு அதிகம். புதிய முகங்களும் புதிய வரிசையும் நிறைந்த வாரத்தில், தூக்கம் வரும் பிள்ளையைத் தூங்கவிடுவதே படிப்பு.

சளியும் ஜுரமும் இரண்டாவது வாரமே வரும். ஜலதோஷம் தரும் ரைனோ வைரஸில் மட்டும் 160 வகைக்கு மேல் உண்டு. அரிசோனாவில் பிறந்தது முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட குழந்தைகளில், பெரிய காப்பகங்களுக்குப் போனவர்களுக்கு இரண்டு வயதில் சளி அதிகம் வந்தது; ஆறு வயதிலிருந்து பதினொன்று வரை மற்றவர்களைவிடக் குறைவாக வந்தது. இப்போதோ பிறகோ, எப்படியும் வந்துதான் தீரும்.

இனி, பெற்றோரின் லீவு. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு முதல் வாரம் முழுக்க விடுப்பு எங்கே கிடைக்கும்? இரண்டு நாள் பெர்மிஷன் கிடைத்தாலே பெரிது. பெரும்பாலோர் அதைக் காலையில், முதல் நாள் கொண்டுவிடுவதில் செலவழிக்கிறார்கள். யூனிஃபார்மோடு போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் போட அதுதான் தோதான நேரம். என்னைக் கேட்டால் மதியத்துக்குப் போடுவது நல்லது. கொண்டுவிடுவது யாராகவும் இருக்கலாம். பிள்ளையின் வரிசையில் இன்னும் நிரூபணமாகாத வரி, கூட்டிக்கொண்டுபோக ஆள் வரும் என்பதுதான். முதல் சில நாட்கள் மணி அடிக்கும்போது, சொன்ன ஆள், சொன்ன இடத்தில், மற்ற பிள்ளைகள் காலியாவதற்கு முன்பே நிற்க வேண்டும். ஷிஃப்ட் வாரா வாரம் மாறும் வீட்டில் இந்த வாரம் அப்பா, அடுத்த வாரம் அத்தை என்றாகும். அதில் தவறில்லை, ஆனால் இன்று வரப்போவது யார் என்று காலையிலேயே பெயர் சொல்லிவிட வேண்டும். சனி, ஞாயிறு முடிந்த திங்கட்கிழமை அழுகை மறுபடி தொடங்கும். வெள்ளிக்கிழமை சிரித்தவன் இப்போது ஏன் அழுகிறான் என்று மிஸ்ஸிடம் விசாரிக்க வேண்டாம். இரண்டு நாள் ஓடாமல் நின்ற கடிகாரம் அது. செவ்வாய், புதனுக்குள் பிடித்துக்கொள்ளும்.